பலாக் கிற்றாருக்கு எந்தப் பிக்கப்?

மின்கிற்றாரில் தந்தியின் அதிர்வைப் பிடித்து அம்பிளிபயருக்கு அனுப்பும் துண்டுதான் பிக்கப். மரத்தில் அதற்குக் குழி வெட்டுவதற்கு முன்பே அதை முடிவு செய்தாக வேண்டும். கடையில் வாங்கும் கிற்றாரில் இந்தத் தலையிடி இல்லை. யாரோ எங்கேயோ இருந்து முடிவு செய்ததை நாம் வாங்கிப் பழகிக்கொள்கிறோம். சொந்தமாகச் செய்விக்கத் தொடங்கினால், எத்தனை பிக்கப், என்ன வகை, எந்த இடத்தில் என்பதுதான் முதல் கேள்வி. வர்ணத்தைப் பிறகு மாற்றலாம், சுருதி சேர்க்கும் சாவிகளை மாற்றலாம், உடலில் தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜைக்கூட மாற்றலாம். குழி வெட்டினால் வெட்டியதுதான்.

என் கிற்றாருக்கு உடல் பலா. பழைய வீடொன்றை இடித்தபோது கழற்றிய பலகை. நன்றாகக் காய்ந்து இறுகியது. வீணைக்கும் தவிலுக்கும் பலாவை நம்பும் ஊரில் கிற்றாருக்கும் அதையே எடுப்பதில் எனக்கு யோசனை இருக்கவில்லை. கழுத்து மட்டும் வெளியிலிருந்து வந்தது. மேப்பிள், 22 பிரெட் (சுர இடங்களில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்), கழுத்தின் மேல் நுனியில் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீற்றர். பிரெட் போடுகிற வேலையில் சிறிது பிசகினாலும் சுருதி போய்விடும், ஆகவே அதைச் செய்து பழகியவர்களின் கையிலேயே விட்டுவிட்டேன்.

உடலைச் செய்தவர் கொக்குவிலில் ஓர் ஓடாவியார். கதவு, யன்னல், சாமித்தட்டு செய்கிறவர். கிற்றார் அவருக்குப் புதிது, மரம் புதிதல்ல. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, குழி ரெண்டோ மூண்டோ எண்டதை முதல் சொல்லும். பிறகு வந்து அடைச்சுத் தாங்கோ எண்டு கேட்கக் கூடாது."

"கொஞ்ச நாள் பொறுங்கோ ஐயா, சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாட்களில் யோசித்தது, கேட்டது, பரீட்சித்தது எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். என்னிடம் பழக வருகிற பிள்ளைகளில் இரண்டொருவர் தாங்களும் செய்விக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.

முதலில் நான் எங்கே, என்ன வாசிக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். முடிவு அதிலிருந்துதான் வந்தது. ஞாயிறு காலையில் குருநகர்ப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். மற்றபடி மெல்லிசைக் குழு: கோயில் திருவிழா இரவுகள், கலியாண மண்டபங்கள், பாடசாலை நிகழ்ச்சிகள். ஒரே இரவில் சுசீலா அம்மா பாடிய பாட்டும் வரும், இளையராஜா வரும், ரஹ்மான் வரும், அனிருத் வரும், சனம் எழும்பி ஆடத் தொடங்கினால் பைலாவும் வரும். இவ்வளவுக்கும் கையில் இருப்பது ஒரே கிற்றார்.

எங்கள் குழுவில் கீபோர்ட் இரண்டு. அவர்கள் இருவரும் சேர்ந்தால் நடுப்பகுதி ஒலி முழுக்க நிரம்பிவிடும். அதற்குள் கிற்றாரின் கோர்ட், அதாவது பல சுரம் சேர்த்து மீட்டுவது, கேட்க வேண்டுமென்றால் அது மெலிந்து, துலக்கமாக, மேல் ஒலிகள் மினுங்கி வர வேண்டும். தனித்து வாசிக்கும் இடத்தில் தேவை நேர் எதிர். வயலின் கோஷ்டி வாசித்த இடையிசையை ஒற்றைக் கிற்றாரில் கொண்டுவரும்போது சுரம் தடித்து நின்று நீள வேண்டும். இந்த இரண்டையும் ஒரே உடலுக்குள் வைப்பதுதான் என் வேலை. பிக்கப் பற்றிய புகழ்ச்சிகளை எல்லாம் வாசித்துக் குழம்பிய பிறகு கடைசியில் நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டது இந்த இரண்டு தேவையைத்தான். அதற்குப் பிறகு யோசனை தெளிந்தது.

பிக்கப் எப்படி வேலை செய்கிறது என்பதை யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரருக்கு விளங்கப்படுத்துவது இலகு. தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. அப்பா செய்தி கேட்க நான் சுற்றுவேன். கை சோர்ந்தால் செய்தியும் சோரும். அந்த டைனமோவுக்குள் இருந்தது ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும்தான். காந்தம் சுற்றச் சுற்றச் சுருளில் மின்சாரம் பிறக்கும். பிக்கப்பிலும் அதே இரண்டு சாமான்தான், ஆனால் இரண்டும் அசையாமல் இருக்கும், அசைவது தந்தி. காந்தத்துக்கு மேலே நிற்கும் உருக்குத் தந்தி தானும் கொஞ்சம் காந்தமாகிவிடும். அது அதிரும்போது சுருளுக்குள் போகும் காந்தப்புலம் கூடிக் குறையும், அதே கணக்கில் மிகச் சிறிய மின்னழுத்தம் சுருளில் உண்டாகும். அதை அம்பிளிபயர் பெருப்பிக்கிறது. நைலோன் தந்தி போட்டால் பிக்கப்புக்கு ஒன்றும் கேட்காது.

சுருளில் வழக்கமாகச் சுற்றுவது 42 கேஜ் கம்பி. அதன் விட்டம் 0.063 மில்லிமீற்றர். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றார் வகைப் பிக்கப் ஒன்றில் அது ஏறத்தாழ 8000 சுற்று இருக்கும். அவ்வளவு சுற்று ஓரிடத்தில் இருந்தால் அது தந்தியோடு நின்றுவிடுமா? சுவருக்குள் ஓடும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம், ரியூப் லைற்றின் சோக், அம்பிளிபயரின் ரான்ஸ்போமர், மேடை விளக்கின் டிம்மர் என்று பக்கத்தில் இருப்பதை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும். சிங்கிள் கொயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப் போட்ட கிற்றாரை அம்பிளிபயரில் செருகியவுடன் வருகிற அந்த "ம்ம்ம்" இரைச்சல் இதுதான்.

வீட்டில் இது பெரிய விசயமல்ல. எங்கள் மேடைகளில் பெரிய விசயம். திருவிழா மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்: ஜெனரேற்றர், சிகரம் வரை கட்டிய மின்குமிழ்ச் சரங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் வயர்கள், எர்த் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பிளக். ஒரு கலியாண மண்டபத்தில் மணமக்கள் மேடைக்கு வரும்போது விளக்கைத் தணித்தார்கள். முழு வெளிச்சத்தில் அமைதியாக இருந்த என் பழைய கிற்றார் அந்த நிமிடமே இரையத் தொடங்கிவிட்டது. டிம்மர் வேலை செய்யும்போது மின்னலையை வெட்டி வெட்டி அனுப்புகிறது, அந்த வெட்டுத்தான் இரைச்சலாக வருகிறது. உடம்பைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் கூடியது, சுவரைப் பார்க்கத் திரும்பினால் குறைந்தது. அந்தப் பாட்டு முழுவதையும் சுவரைப் பார்த்தபடியே வாசித்து முடித்தேன். மணப்பெண் நடந்து வருகிற நேரத்தில், கோர்ட்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டும் மெல்லிய ஆர்ப்பேஜியோ வாசிக்க வேண்டிய இடத்தில், அந்த இரைச்சல் என்னை மிகவும் வருத்தியது. புதுக் கிற்றாரில் இது நடக்கக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

இந்த இரைச்சலுக்கு மருந்து கண்டவர் கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957இல் ஹம்பக்கர் என்ற அந்தப் பிக்கப் கிற்றார்களில் வந்தது, காப்புரிமை கையில் கிடைத்தது 1959இல். காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் (Patent Applied For) என்ற ஒட்டுத்தாளோடு வந்த அந்த முதற்கால ஹம்பக்கர்களைத்தான் இன்றைக்கும் பி.ஏ.எஃப். என்று சொல்லிப் பெரும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் ரே பட்ஸ் என்பவரும் கிரெச் கிற்றார்களுக்காக இதே வழியைக் கண்டுபிடித்திருந்தார்.

வழி இதுதான். இரண்டு சுருளைப் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும். ஒன்றின் சுற்றுக்கு மற்றதன் சுற்று எதிர், ஒன்றின் காந்த முனைக்கு மற்றதன் முனையும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் பிக்கப்பின் காந்தத்தைப் பற்றிக் கவலைப்படாது. அது இரண்டு சுருளிலும் ஒரேமாதிரி நுழையும், சுற்று எதிரெதிர் என்பதால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். தந்தியின் ஒலியோ காந்தத்தை நம்பிப் பிறப்பது. அதற்குச் சுற்றும் எதிர், காந்தமும் எதிர். எதிரும் எதிரும் சேர்ந்து நேராகி, இரண்டு சுருளின் ஒலியும் கூடிவிடும். ஒரு துண்டுக் கம்பியும் காந்தமும் தவிர வேறு ஒன்றும் இல்லாமல், வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை மட்டும் கழித்துவிடுகிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோசமாக இருக்கும்.

ஆனால் சும்மா கிடைப்பதில்லை. இரண்டு சுருளும் தொடராகச் சேரும்போது மேல் ஒலிகள் கொஞ்சம் அடங்கிவிடும். தந்தியை ஓரிடத்தில் கேட்காமல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடத்தில் கேட்பதாலும் மிக உயர்ந்த ஒலிகளில் கொஞ்சம் கழிந்துபோகும். தனித்து வாசிக்க இந்தத் தடிப்பு அருமை. கோர்ட்டுக்கு, அதுவும் இரண்டு கீபோர்ட்டுக்கு நடுவில், அது அமிழ்ந்துவிடும்.

வகையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், இடம் அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். ஒரே பிக்கப்பைக் கழுத்துப் பக்கம் வைத்தால் ஒரு குரல், பிரிட்ஜ் பக்கம் வைத்தால் வேறு குரல். பிரிட்ஜ் அருகில் தந்தி கொஞ்சம்தான் ஆடும், கீழ் ஒலி குறைந்து கூர்மை கூடும். கழுத்துப் பக்கம் ஆட்டம் பெரிது, ஒலி உருண்டு வரும்.

இதைக் கையால் செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி மூன்று சிங்கிள் கொயில் உள்ள கிற்றாரை எடுங்கள். சுவிச்சை பிரிட்ஜ் பக்கம் வையுங்கள். ஐந்தாவது பிரெட்டின் கம்பிக்கு நேர் மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து, மீட்டியவுடன் விரலை எடுங்கள். மணி அடித்த மாதிரி ஒரு ஹார்மோனிக் வரும். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுவிச்சைக் கழுத்துப் பிக்கப்புக்குத் தள்ளுங்கள். ஒலி காணாமல் போகும். தந்தி இன்னும் அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. திரும்ப பிரிட்ஜுக்குத் தள்ளினால் மிச்ச ஒலி திரும்ப வரும். அந்த ஹார்மோனிக்கில் தந்தி நான்கு பங்காகப் பிரிந்து ஆடுகிறது. பிரிட்ஜிலிருந்து கால் பங்குத் தூரத்தில் தந்தி அசையாத புள்ளி ஒன்று இருக்கும், 648 மில்லிமீற்றரில் அது 162. கழுத்துப் பிக்கப் இருப்பது சரியாக அந்தப் புள்ளிக்குக் கீழே. அசையாத தந்தியை அது எப்படிக் கேட்கும்? பழக வந்த ஒரு பிள்ளை இதைச் செய்து பார்த்துவிட்டு, வயர் கழன்றுவிட்டதோ என்று ஜாக்கைத் தொட்டுப் பார்த்தான்.

இதை வைத்து அந்த இடம்தான் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. வேறு பிரெட்டை அமத்தியவுடன் தந்தியின் நீளம் மாறும், புள்ளியும் நகர்ந்துவிடும். ஆனால் ஒரு விரற்கடை தூரம் என்ன செய்யும் என்று காது அறிந்துகொள்ளும். 24 பிரெட் கழுத்து வேண்டாம் என்று நான் விட்டதும் இதனால்தான். 24ஆவது பிரெட் வருவது அந்தக் கால் பங்குப் புள்ளியில். அப்படியென்றால் கழுத்துப் பிக்கப்பை பிரிட்ஜ் பக்கமாகத் தள்ளித்தான் வைக்க வேண்டும். மேலே இரண்டு சுரம் கிடைக்கும், உருண்ட ஒலியில் கொஞ்சம் போகும். நான் அவ்வளவு மேலே போய் வாசிப்பதில்லை, உருண்ட ஒலி எனக்கு ஒவ்வொரு பாட்டிலும் வேண்டும்.

சரி, தெரிவுக்கு வருவோம்.

மூன்று சிங்கிள் கொயில் என்றால் கோர்ட்டுக்கு அதைவிட நல்ல ஒலி எனக்குத் தெரியாது. 1954இல் லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது அதற்கு மூன்று நிலைச் சுவிச்சுத்தான் இருந்தது, ஒரு நேரத்தில் ஒரு பிக்கப். வாசித்தவர்கள் சுவிச்சை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பிக்கப் சேர்ந்த ஒலியைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். ஐந்து நிலைச் சுவிச்சைத் தொழிற்சாலையிலேயே போட்டுக் கொடுக்கத் தொடங்கியது 1977இல். எங்கள் பழைய சினிமாப் பாட்டுகளின் கோர்ட்டுக்கு அந்த நடு நிலைகள் அப்படியே பொருந்தும். இரைச்சல் மட்டும் இல்லையென்றால் நான் வேறெதையும் யோசித்திருக்க மாட்டேன்.

கிப்சனின் லெஸ் போல் கிற்றார் மாதிரி இரண்டு ஹம்பக்கர் என்பதைச் சீக்கிரமே விட்டுவிட்டேன். கழுத்து ஹம்பக்கரில் கோர்ட் வாசித்தால் பேஸ் கிற்றாரோடும் கீபோர்ட் இடது கையோடும் கலந்து, நான் வாசிக்கிறேனா இல்லையா என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. 1946இலேயே வந்த பி-90 பிக்கப்பின் கரகரப்பு எனக்கு நிறையப் பிடிக்கும், ஆனால் அதுவும் ஒற்றைச் சுருள், அதே இரைச்சல். உள்ளே 9 வோல்ற் பற்றறி வைக்கும் அக்ரிவ் பிக்கப்பில் இரைச்சல் மிகக் குறைவு. பற்றறி தீர்ந்தால் கிற்றாரும் நின்றுவிடும், நடுச்சாமத் திருவிழாவில் அந்த யோசனையோடு என்னால் வாசிக்க முடியாது.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சானும் கிற்றார்க்காரன். அவன் சொன்னது எச்-எஸ்-எஸ்: பிரிட்ஜில் ஹம்பக்கர், நடுவிலும் கழுத்திலும் சிங்கிள் கொயில்.

"மச்சான், மூண்டும் போடு. எல்லாச் சத்தமும் கிடைக்கும். பிறகு வேணுமெண்டு தேடி அலையாதை" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நடுப் பிக்கப்பை எதிர்ச் சுற்று, எதிர் முனையோடு வாங்கினால், கழுத்தோடு சேரும்போது இரைச்சலும் அழிந்துவிடும். பலரும் இதைப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. என் கைதான் ஒத்துக்கொள்ளவில்லை. நான் தந்தி மீட்டும் பிக்கைக் கொஞ்சம் ஆழமாக இறக்கி வாசிக்கிறவன், என் வலது கை விழும் இடம் நடுப் பிக்கப்புக்கு நேர் மேலே. பழைய கிற்றாரில் அந்தப் பிக்கப்பின் மூடியில் பிக் உரசி வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் பள்ளமே விழுந்திருக்கிறது. உரசும் "டக்" ஒலி ஸ்பீக்கரிலும் வரும். தாழ இறக்கினால் உரசாது, ஒலியும் இறங்கிவிடும்.

அதோடு இன்னொன்றையும் கவனித்தேன். பழைய கிற்றாரில் ஐந்து நிலை இருந்தும், மேடையில் என் கை போவது இரண்டு மூன்றுக்குத்தான். இருட்டில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், பாடகர் அடுத்த பாட்டின் சுருதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கை தானாகப் போய் நிற்கிற நிலைதான் உண்மையான நிலை. மற்றவை வீட்டில் இருந்து வாசிக்க நல்லவை.

ஆகவே இரண்டு. பிரிட்ஜில் ஹம்பக்கர், கழுத்தில் சிங்கிள் கொயில், நடுவில் மரம். மூன்று நிலைச் சுவிச். வொலியூம் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் அணைந்து, அது சிங்கிள் கொயிலாக மாறும். இழுத்த நிலையில் சுவிச்சை நடுவில் வைத்தால் ஹம்பக்கரின் ஒற்றைச் சுருளும் கழுத்துப் பிக்கப்பும் சேர்ந்து, ஃபெண்டரின் இன்னொரு கிற்றாரான டெலிகாஸ்டரின் நடு நிலைக்குக் கிட்ட வருகிற துலக்கமான ஒலி. எனக்கு வேண்டிய கோர்ட் ஒலி அது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நடு நிலைகளில் வரும் அந்த அலாதியான ஒலி இதில் வராது. அதைத் தெரிந்துதான் விட்டேன்.

மச்சானுக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன்ர கைக்கு எது சரியோ அதைச் செய்" என்று சொல்லி, சாமானை அவனே வாங்கித் தந்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவரின் பெட்டியில் அவை வந்து சேர்ந்தன.

கழுத்துக்குச் சிங்கிள் கொயில் என்று முடிவெடுக்கும் முன்பு இன்னொரு வகையையும் கேட்டுப் பார்த்தேன். சிங்கிள் கொயில் அளவுக் கூட்டுக்குள்ளேயே ஒல்லியான இரண்டு சுருள் வைத்து, ஒவ்வொரு தந்திக்கும் கீழே நிற்கும் தனித்தனிக் காந்தக் காம்புக்குப் பதிலாக நீளத் தகடு போட்டது. இரைச்சல் இல்லை. அதற்கு ஒரு நன்மையும் உண்டு. நான் இடையிடையே இராகம் வாசிப்பேன், கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் நன்றாக இழுப்பேன். இழுக்கும்போது தந்தி தன் காம்பை விட்டு விலகும், தகடு என்றால் எங்கே போனாலும் கீழே காந்தம் இருக்கும். நண்பரின் கிற்றாரில் அதைப் போட்டு தோடியை மெல்ல ஆலாபனை செய்து பார்த்தேன். கமகம் சுத்தமாக வந்தது. ஆனால் கோர்ட் வாசித்தவுடன் தெரிந்தது, ஹம்பக்கரின் தடிப்பு இதிலும் வந்துவிட்டது. காம்பு வைத்த பிக்கப்பில் கமகம் இழுக்கும்போது ஒலி குறைவதை நான் காதைத் தீட்டிக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, கோர்ட்டின் தடிப்போ உடனே தெரிந்தது. கழுத்துக்குக் காம்பு வைத்த சிங்கிள் கொயிலே போதும் என்று தீர்த்துக்கொண்டேன்.

கமகம் வாசிக்கிறவர்கள் இதைவிடக் கவனிக்க வேண்டியது பிக்கப்பின் உயரம். இந்தக் காம்புகள் அல்நிக்கோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபாற்று சேர்ந்த இரும்புக் காந்தம். சிங்கிள் கொயிலில் அந்தக் காந்தக் காம்பே தந்திக்கு நேர் கீழே நிற்கும். பிக்கப்பைத் தந்திக்கு மிகக் கிட்ட உயர்த்தினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். தடித்த தந்தியில் மேல் பிரெட்டை அமத்தினால் ஒரு சுரத்துக்குள் இரண்டு சுரம் கேட்கிற மாதிரி அலம்பும், சுருதி சேர்க்கவே முடியாது. இணுவில், அளவெட்டிப் பக்கம் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இந்த அலம்பல் உடனே பிடிபடும். கடைசிப் பிரெட்டை அமத்திக்கொண்டு அளந்தால் என் கழுத்துப் பிக்கப் தடித்த தந்திக்கு மூன்று மில்லிமீற்றர் கீழே நிற்கிறது. பிரிட்ஜ் ஹம்பக்கர் அதைவிடக் கிட்ட, இரண்டு மில்லிமீற்றர். கழுத்துப் பக்கம் தந்தியின் ஆட்டம் பெரிது என்பதால் இப்படி வைத்தால்தான் இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கும்.

வாங்கும்போது சுருளின் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம் கணக்கைப் பெரிதாக எடுக்க வேண்டாம். என் ஹம்பக்கர் எட்டுக் கிலோ ஓமுக்குக் கொஞ்சம் மேலே, கழுத்து ஆறுக்குக் கிட்ட. கூடுதல் ஓம் என்றால் கூடுதல் வலு என்று கடைக்காரர் சொல்லுவார். மெல்லிய கம்பி சுற்றினால் சுற்று கூடாமலே ஓம் கூடும், காந்தம் எதுவென்று அந்த இலக்கம் சொல்லாது. அளந்து பார்க்க வேண்டியது வேறொன்று: தந்திகளுக்கு இடையிலான அகலம். என் பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையில் 52.5 மில்லிமீற்றர். பழைய கிப்சன் அளவு ஹம்பக்கரில் காம்புகளின் அகலம் 50க்குள் இருக்கும். அதைப் போட்டால் ஓரத் தந்திகள் இரண்டும் காம்புக்கு வெளியே நிற்கும். அகலமான வகையைக் கேட்டு வாங்கினேன்.

வயரிங்தான் நான் ரசித்துச் செய்த வேலை. சுவிச்சை நடுவில் வைத்து வாசிக்கும்போது இரைச்சல் அழிய வேண்டுமென்றால், ஹம்பக்கரில் மிஞ்சும் சுருளும் கழுத்துப் பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். எனக்கு மிஞ்ச வேண்டியது கழுத்துப் பக்கம் இருக்கும் உட்சுருள், அதன் ஒலி வெளிச்சுருளைவிட நிறைவானது. இரண்டும் எதிரா என்று பார்க்க ஒரு திசைகாட்டி போதும். கழுத்துப் பிக்கப்பின் மேலே பிடித்தேன், ஊசியின் ஒரு முனை வந்து ஒட்டியது. ஹம்பக்கரின் உட்சுருளின் மேலே பிடித்தேன், ஊசி சுழன்று மற்ற முனை வந்தது. நல்ல காலம். வெளிச்சுருளில் திரும்பப் பழைய முனை.

அடுத்து, இரண்டின் ஒலியும் ஒரே திசையில் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு டிஜிற்றல் மீற்றரைவிட ஊசி மீற்றர் நல்லது. அப்பாவின் பழைய மீற்றரை மிகக் குறைந்த வோல்ற் அளவில் வைத்து, பிக்கப்பின் இரண்டு வயரிலும் பிடித்தேன். ஸ்குரூ டிரைவரின் நுனியைக் காந்தக் காம்பில் ஒட்டவிட்டுச் சடக்கென்று விலக்கினால் ஊசி ஒரு பக்கம் துள்ளும். கழுத்துப் பிக்கப்பில் வலப்பக்கம் துள்ளியது. உட்சுருளிலும் வலப்பக்கம் துள்ளும்வரை வயரை மாற்றிப் பிடித்தேன். காந்தம் எதிர், துள்ளல் ஒரே பக்கம் என்றால் சுற்று எதிர்தான். இரைச்சல் அழிந்தே ஆக வேண்டும். எந்த வயர் எர்த்துக்கு, எது சுவிச்சுக்கு என்று அப்போதே நிறத்தை எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு நிறம் போடுவதால் இந்த வேலையைச் செய்யாமல் சோல்டரிங் அயனைச் சூடாக்கவே கூடாது.

வொலியூம் கொன்ட்ரோலில் ஒரு சிக்கல் உண்டு. ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், சிங்கிள் கொயிலுக்கு 250 என்பது வழக்கம். பெரிய மதிப்புப் போட்டால் மேல் ஒலிகள் கூட வெளியே வரும், சிங்கிள் கொயிலுக்கு அது காதைக் குத்தும். நான் 500 போட்டு, கழுத்துப் பிக்கப்பின் குறுக்கே மட்டும் 470 கிலோ ஓம் தடை ஒன்றைச் சோல்டர் பண்ணினேன். இரண்டும் சமாந்தரமாகச் சேர்ந்தால் கிட்டத்தட்ட 242, கழுத்துப் பிக்கப் தனியே ஒலிக்கும்போது அது 250இல் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஸ்ரான்லி வீதிப் பக்கத்து இலத்திரனியல் கடையில் தேநீர்க் காசுக்குக் குறைவாக வாங்கிய துண்டு அது.

குழிகளின் உள்ளே செப்புத்தாள் ஒட்டி எர்த்தோடு சேர்த்தேன். டிம்மரின் கரகரப்பில் ஒரு பங்கை அது நிறுத்தும். சுருள் பிடிக்கிற 50 ஹேர்ட்ஸ் உறுமலைச் செப்புத்தாள் நிறுத்தாது, அதற்குச் சுருள் எதிர்ச் சுருள்தான் வழி. ஹம்பக்கரை நிக்கல் மூடியோடுதான் வாங்கினேன். குருநகரில் கடலுக்கு இவ்வளவு கிட்ட வாசிக்கிறவனுக்கு உப்புக் காற்று தந்தியை மட்டுமல்ல, காம்பின் தலையையும் துருப்பிடிக்க வைக்கும் என்பது தெரியும்.

"ரெண்டு போதும் ஐயா" என்று சொன்னபோது ஓடாவியார் பலகையில் பென்சிலால் கோடு போட்டார். பிரிட்ஜின் நடுக்கோட்டிலிருந்து 162 அளந்து காட்டச் சொன்னார். ஏன் சரியாக 162 என்று கேட்டார். ஹார்மோனிக் கதையைச் சொன்னேன். ஒரு தந்தியை ஆணியடித்துக் கட்டி மீட்டிப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுத்தார்.

இப்போது மேடையில் பெரும்பாலும் சுவிச் நடுவில், குமிழ் மேலே இழுத்தபடி இருக்கும். தனி இடம் வந்தால் குமிழை அமத்தி சுவிச்சை பிரிட்ஜுக்குத் தள்ளுவேன். கழுத்துப் பிக்கப் தனியே வருவது தேவாலயத்தில்தான். அங்கே டிம்மர் இல்லை, இரைச்சலும் கிட்டத்தட்ட இல்லை. டோனுக்கு இப்போது 0.022 மைக்ரோ பரட் கெப்பாசிற்றர் இருக்கிறது. கழுத்துப் பிக்கப்பில் டோனைப் பாதி குறைத்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் இருண்ட ஒலி வேண்டும் போலிருக்கிறது, 0.033 ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை தந்தி மாற்றும்போது போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.